அரிசி மூட்டையை மடியில் வைத்த தாய்மாமன்

"இன்னும் கொஞ்சம் பாசமாப் பிடிங்க தம்பி" என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சேகர், மடியிலிருந்த அரிசி மூட்டையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டான். பக்கத்து மளிகைக் கடையில் அரை மணி நேரத்துக்கு இரவல் வாங்கிய பத்துக் கிலோ பொன்னி. அதன் மேல் நானே ஒரு சிவப்புத் துண்டைப் போர்த்திவிட்டிருந்தேன். உச்சியில் சணல் முடிச்சு மட்டும் சின்னக் குடுமி போல நீட்டிக்கொண்டிருந்தது.

"கேமராவைப் பார்க்காதீங்க. பாப்பா முகத்தைப் பாருங்க."

"பாப்பா மூஞ்சி எங்கக்கா கீது?"

"அந்த முடிச்சுதான் முகம்."

அவன் முடிச்சைப் பார்த்தான். பிறகு குனிந்து, அதனிடம் மெதுவாகச் சொன்னான். "வலிக்காதுடா கண்ணு. மாமன் கீறேன்ல."

சொன்னவன் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. சின்ன அழுகை இல்லை. மூக்கெல்லாம் ஒழுகி, துண்டு நனைந்து, ஈரம் மூட்டைக்குள் இறங்குகிற அழுகை. எனக்கு முதலில் வந்த கவலை என்னவென்றால், நனைந்த மூட்டையை மளிகைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டாரே என்பதுதான். நான் அப்படிப்பட்டவள்.

பாஸ்போர்ட் போட்டோவுக்காகக் காத்திருந்த ஒரு பெரியவர் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, அரிசி" என்றேன்.

அவர் போட்டோவும் எடுத்துக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார்.

ஒரு முழு மனிதன் அரிசி மூட்டைக்கு ஆறுதல் சொல்லும் நிலை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் சற்றுப் பின்னால் போக வேண்டும். நான் பின்னால் போனால் லேசில் திரும்ப மாட்டேன் என்பது இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் ஒரு டம்ளர் டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

என்னிடம் கேட்கப்படும் வரங்கள்

பட்டாபிராம் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, பூக்கடையைத் தாண்டினால் எங்கள் ஸ்டூடியோ. கல்யாணம், வளைகாப்பு என்று வெளியே போய்ப் படம் எடுப்பது என் வீட்டுக்காரர் காதர் பாய். கடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அவற்றைச் சரிசெய்வது ஷமீம் ஆகிய நான். பூந்தமல்லியில் பிறந்து வாக்கப்பட்டு இங்கே வந்தவள்.

சரிசெய்வது என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓரத்தை வெட்டுவது, இருட்டாக இருந்தால் வெளிச்சம் கூட்டுவது, பின்னணியை மாற்றுவது, ஒரு படத்தில் இருப்பவரை எடுத்து இன்னொரு படத்தில் ஒட்டுவது. நாலு நாள் பொறுமையாக உட்கார்ந்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் வருகிறவர்கள் என் எதிரில் இருப்பது கம்ப்யூட்டர் என்று நினைப்பதில்லை. கேட்டதைக் கொடுக்கும் சாமி என்று நினைக்கிறார்கள்.

"மூடின கண்ணத் தொறந்து வெச்சுருங்க."

"அப்பாவுக்குச் சட்டை போட்டுருங்க. சாவுறதுக்கு முன்னாடி எடுத்த எல்லாப் படத்துலயும் வெறும் ஒடம்போடதான் கீறாரு."

"பின்னாடி நிக்கிற தண்ணி லாரிய எடுத்துட்டு ஊட்டி போடுங்க."

ஒரு அம்மா, தன் மகன் பக்கவாட்டில் நிற்கும் படத்தைக் கொடுத்து, "இவனக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க" என்றார். திருப்பினால் அவனுடைய அடுத்த கன்னம் எனக்கு எப்படித் தெரியும்? சொன்னால் கோபம். "அவ்ளோ பெரிய டிவி வெச்சுகினு கீறீங்க, ஒரு புள்ளயத் திருப்ப முடியாதா?"

போன வாரம் பாஸ்போர்ட் படத்தில் இரண்டு காதும் தெரிந்தாக வேண்டும் என்பதைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். ஒரு பக்கம் முழுக்கக் காதைப் பற்றியா எழுதுவது என்று திருநின்றவூரிலிருந்து ஒரு வாசகி சலித்துக்கொண்டார். அவரிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரமும் காதுதான்.

தலையின் அளவு

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு எவ்வளவு மரியாதை என்று தெரிய வேண்டுமானால் விசேஷ வீட்டு பேனரைப் பார்த்தால் போதும். எவர் தலை எவ்வளவு பெரிதோ அவருக்கு அவ்வளவு மரியாதை.

காதுகுத்து பேனர் என்றால் நடுவில் குழந்தை. அதற்கு அடுத்த பெரிய தலை தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்துகிறோம். அப்புறம் பெரியப்பா, சித்தப்பா. அடியில் நண்பர்கள், தட்டில் அடுக்கிய எலுமிச்சம்பழம் மாதிரி வரிசையாக. இந்த வரிசையில் ஒரு விரல் அளவு பிசகினாலும் பந்தியில் சாம்பார் வாளி பறக்கும். ஒரு தடவை அண்ணன் தம்பி இருவர் ஸ்கேலோடு ஏணியில் ஏறி, கட்டிய பேனரில் தங்கள் தலைகளை அளந்து பார்த்ததை நானே கீழே நின்று பார்த்தேன். தம்பி தலை பெரிது என்று முடிவானதும் அண்ணன், "அது முடி. முடியக் கழி" என்று கத்தினார்.

இப்போது சேகருக்கு வருகிறேன். வேப்பம்பட்டில் தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கி, தினமும் ரயிலில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு லேத் வேலைக்குப் போகிறவன். அவனுடைய அக்கா கோமதி, இங்கே பட்டாபிராமில் வாக்கப்பட்டவள். அவளுடைய மகள் யாழினிக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இருக்கும்.

அந்த பேனர் எங்கள் கடையில் அடித்ததல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு எங்கோ கொடுத்தார்கள். "உன் போட்டோ ஒண்ணு அனுப்புடா" என்று கோமதி கேட்க, சேகர் தன் வாட்ஸப் முகப்பில் வைத்திருந்த படத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். கூலிங் கிளாஸோடு பைக்கில் உட்கார்ந்திருக்கும் படம். பைக் நன்றாகத் தெரியும். சேகர் ஒரு மிளகு அளவுக்குத் தெரிவான். அந்த மிளகு மூன்று குரூப்புகளில் சுற்றிவிட்டு பேனர்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

சின்னப் படத்தைப் பெரிதாக இழுத்தால் உடையும். முகம் முகமாக இருக்காது, கட்டம் கட்டமாகப் போய்விடும். பேனர்காரர் இழுத்துப் பார்த்திருக்கிறார். சேகர், குளியலறைச் சுவரில் ஒட்டுகிற டைல்ஸ் மாதிரி வந்திருக்கிறான். அவர் தொழில் தெரிந்தவர். எந்த அளவில் முகம் முகமாக நிற்குமோ அந்த அளவில், அடி வரிசையில், சமையல் காண்ட்ராக்டர் பெயருக்குப் பக்கத்தில் அவனை வைத்துவிட்டார். கோமதி வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் ஸ்டூடியோவில் எடுத்த நல்ல படமாகக் கொடுத்திருந்தார். அவர் தலை மேல் வரிசையில் பூசணிக்காய் அளவுக்கு வந்துவிட்டது.

விசேஷத்தன்று சேகர் சீர்த்தட்டுகளோடு ஆட்டோவில் கோயில் வாசலுக்கு வந்தான். பேனரைப் பார்த்தான். தன் தலையைத் தேடினான். கிடைத்தது. இறங்கவே இல்லை. "வண்டியத் திருப்பு நைனா" என்றான்.

உள்ளே முகூர்த்தம் முடியப்போகிறது. காது குத்தும் பத்தர் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார். சேகர் போனை அணைத்துவிட்டான். பூசணித்தலை நண்பர், "நான் ஒக்காரட்டுமா?" என்று வேட்டியை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். கோமதி அப்போது வந்த ஆத்திரத்தில், "என் கொழந்த அந்த மடியில ஒக்காராது" என்று சொல்லிவிட்டு, சுற்றிலும் பார்த்தாள். டிபன் ரெடியா என்று கேட்க அப்போதுதான் உள்ளே வந்திருந்தார் ஏகாம்பரம். சொந்தக்காரர்களை ஏற்றி வந்த வேன் டிரைவர். காலையிலிருந்து அவளை வாய் நிறையத் தங்கச்சி, தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன்.

"அண்ணாத்தே, நீ ஒக்காரு" என்றாள் கோமதி.

அப்படித்தான் யாழினிக்கு, காக்கிச் சட்டை போட்ட ஒரு வேன் டிரைவரின் மடியில் காது குத்தப்பட்டது. படத்தில் ஏகாம்பரம் கையில் வேன் சாவி. முன்கையில் செல்வி என்று பச்சை குத்தியிருக்கிறது. சட்டையின் பொத்தான்களுக்கு வேலை வைக்கும் வயிறு. மாலையும் கழுத்துமாக, எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாத முகம்.

அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

கண்ணாடிக்குள்ளே கண் கிடையாது

கோமதி எங்கள் கடைக்கு வந்தது ஒரு மழை நாளில். குடையை மடக்கிய கையோடு ஒரு பென் டிரைவை என் மேஜையில் வைத்தாள். அந்த டிரைவர் படம்.

"இதுல என் தம்பி தலைய வெச்சுத் தரணும்கா."

முதலில் போனிலேயே ஏதோ ஒரு செயலியில் முயன்று பார்த்திருக்கிறாள். அது என்ன நினைத்ததோ, ஏகாம்பரத்தை இளவரசனாக்கி, கோயில் தூணை அரண்மனையாக்கி, யாழினியை வெள்ளைக்காரக் குழந்தையாக மாற்றிக் கொடுத்திருக்கிறது. ஊசி பிடித்த பத்தருக்கு ஆறு விரல். "எல்லாரும் அழகாத்தான் கீறாங்கோ. ஆனா ஒருத்தர் கூட நம்ம ஆள் இல்ல" என்றாள்.

புது வீடு கட்டி முடித்துவிட்டார்கள். ஹாலில் இந்தப் படம் பெரிதாக மாட்ட வேண்டும். மாட்டாமலேயே விட்டுவிடலாமே என்று கேட்டேன்.

"மாட்டலன்னா, பாப்பா காதுகுத்துப் படம் எங்கேன்னு கேப்பான். மாட்டுனா, இந்த டிரைவர் மடியப் பாப்பான். ஆள் மூலமா சொல்லி அனுப்பிக்கிறேன், வரேன்னுகிறான். வாசப்படியில நின்னு இதப் பாத்தான்னா அப்டியே திரும்பிடுவான். எங்கம்மா அப்பா ரெண்டு பேரும் போய்ட்டாங்கக்கா. பொறந்த ஊடுன்னு எனக்கு மிச்சம் கீறது அவன் ஒருத்தன்தான். இந்த வாட்டியும் போய்ட்டான்னா அவ்ளோதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

தம்பியின் படம் கேட்டேன். கொடுத்தாள். அதே பைக். அதே மிளகு.

"வேற படம் இல்லையா?"

"அஞ்சாங்கிளாஸ் படிக்க சொல்ல எடுத்தது கீது."

மிளகையே எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தோடு நான் பட்ட பாட்டைத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே நம்புவார்கள். கூலிங் கிளாஸை எடுக்க முடியாது, எடுத்தால் உள்ளே கண் கிடையாது. எனவே கோயில் மண்டபத்துக்குள் தாய்மாமன் கூலிங் கிளாஸோடு. கழுத்து ஒல்லி, உடம்பு குண்டு. மாலையை மேலே ஏற்றி இரண்டும் சேரும் இடத்தை மறைத்தேன். காக்கியை வெளிர்நீலமாக்கினேன். சாவிக்கொத்தை வேட்டி மடிப்பாக்கினேன். பக்கத்துத் தோலை எடுத்துப் பூசி, செல்வியை அழித்தேன். முகம் உடைவது தெரியாமலிருக்க, மொத்தப் படத்தையும் லேசாக மங்கலாக்கி, கற்பூரப் புகை என்று பெயர் வைத்தேன்.

கோமதி பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "அப்டியே சேகருதான்" என்று சொல்லி அழுதாள். எனக்கு அது பைக் ஓட்டிவந்த பலூன் மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் பார்க்க வேண்டியது நான் இல்லையே.

இரண்டாவது ரகசியம்

அந்த வாரமே சேகர் வந்தான். ரயிலை விட்டு இறங்கி, தோளில் டிபன் பையோடு நேராகக் கடைக்குள் வந்து, போனை நீட்டினான். யாரோ சொந்தக்காரர் ஸ்டேட்டஸில் போட்டதைச் சேமித்து வைத்திருந்தான். அதே காதுகுத்துப் படம்.

"இந்த டிரைவரத் தூக்கிட்டு என்னிய ஒக்கார வைக்கணும்கா. அக்கா புது ஊடு கட்டிக்குது. பிரேம் போட்டுத் தரலாம்னு."

நான் திரையில் திறந்திருந்த கோமதியின் படத்தை அவசரமாக மூடினேன்.

"அன்னிக்கி ஆட்டோவத் திருப்பிட்டு வந்துட்டேன். அவங்க என் தலையச் சின்னதாப் போட்டாங்க, அது தப்புதான். ஆனா கொழந்த இன்னாக்கா பண்ணுச்சி? அது என் மடியிலதான ஒக்காந்திருக்கணும்?" தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நானே குடுக்கணும்."

ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லிவிட்டால் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. நானும் நினைத்தேன். காதர் பாயிடம் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் வாக்குக் குடுத்துக்கிறே. வாய மூடிகினு பிரிண்ட்டப் போடு" என்றார். எங்கள் தொழிலில், யார் தலையை யார் வெட்டச் சொன்னார்கள் என்று வெளியே பேச ஆரம்பித்தால் பட்டாபிராமில் பாதிக் குடும்பம் பிரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

இந்த முறை ஆளே நேரில் இருந்ததால் மிளகுத் தொல்லை இல்லை. மடியில் குழந்தை கனம் இருந்தால்தான் தொடை அழுந்தும், கை சரியாக வளையும். அதற்குத்தான் அந்த அரிசி மூட்டை. மீதி உங்களுக்குத் தெரியும்.

தெரியாதது ஒன்று. ஏகாம்பரத்தை முழுக்க வெட்டி எடுத்த பிறகும் அவருடைய விரல்கள் யாழினியின் இடுப்பில் மிஞ்சி நின்றன. பாவாடை மடிப்புக்குள் புதைந்திருந்ததால் விரலை எடுத்தால் பாவாடையில் ஓட்டை விழும். விட்டால் சேகருக்கு மூன்று கை. பாவாடைப் பூ மாதிரி அவற்றுக்குக் கொஞ்சம் நிறம் ஏற்றி அங்கேயே விட்டுவிட்டேன்.

ஆறு வித்தியாசங்கள்

புதுமனை புகுவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பால் பொங்கி முடிந்திருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனையோடு கேசரி வாசனை. ஹால் சுவரில், மாலை போடாத குறையாக, என் கைவண்ணம். நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சேகர் அக்குளில் ஒரு பெரிய பார்சலோடு வாசலில் வந்து நின்றான். கோமதி கையில் காபித் தட்டோடு அசையாமல் நின்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறார்கள். ஆனால் சேகர் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான். செருப்பைக் கழற்றாமல் நின்ற இடத்திலிருந்தே பார்த்தான்.

"யாரு இது?"

"நீதான்டா" என்றாள் கோமதி.

"எனக்கு எப்ப தொப்ப வந்துச்சு?"

சேகர் உள்ளே வந்து, பார்சலைக் கிழித்து, தன் படத்தை அதற்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்தான். அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் மொத்தமும் எழுந்து வந்து, பத்திரிகைகளில் வருமே ஆறு வித்தியாசங்கள், அதைப் போலக் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இதில் கண்ணாடி, அதில் இல்லை. இதில் நீலச் சட்டை, அதில் வெள்ளை. ஒரே குழந்தை, ஒரே பத்தர், ஒரே தூண், இரண்டு தாய்மாமன்.

யாழினி குனிந்து சேகர் கொண்டுவந்த படத்தில் விரல் வைத்தாள். "இது டிரைவர் மாமா வெரலு."

அந்த நேரம் பார்த்து வேனை நிறுத்திவிட்டு ஏகாம்பரம் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது என் தொப்ப!"

"அண்ணாத்தே, அது வந்து..."

"செல்வி எங்க? கையில செல்வின்னு இருக்குமே! என் பொண்டாட்டியவே அழிச்சிட்டீங்களா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கேசரியைப் பார்த்தேன்.

பூசணித்தலை நண்பர் சிரித்தார். அந்தச் சிரிப்பு சேகருக்குப் பட்டுவிட்டது. முகம் கறுத்து, "அன்னிக்கி பட்டாணி மாறி ஒரு தல. இன்னிக்கி அதத் தூக்கி டிரைவர் ஒடம்புல சொருகிக்கிறீங்கோ. எனக்குன்னு ஒரு முழு ஆளா எடமே இல்லியா இந்த ஊட்ல?" என்றான்.

"நீ அனுப்புனதே பட்டாணிதான்டா!" கோமதி தட்டை வைத்துவிட்டுக் கத்தினாள். "வேற படம் கேக்க எத்தினி வாட்டி போன் பண்ணேன்? நைட் ஷிப்டுன்னு எடுக்கவேயில்ல!"

"ஷமீமக்கா, நீங்க சொல்லுங்க" என்று இருவரும் ஒரே நேரத்தில் என்னிடம் திரும்பினார்கள்.

எழுந்து போய், அந்த பைக் படத்தை என் போனில் திறந்து, சேகரின் மூக்கருகே பிடித்து, இரண்டு விரலால் இழுத்தேன். முகம் பெரிதானது. இன்னும் இழுத்தேன். கண்ணாடி கட்டமானது, மூக்கு கட்டமானது. கடைசியில் திரை முழுக்க நாலு பழுப்புக் கட்டம். "இதுதான் தம்பி நீங்க. இதைத்தான் பேனர்ல பெருசாப் போடணும்னு கேக்கறீங்க. யாரும் உங்களைச் சின்னதாக்கலை. பெருசாக்கினா நீங்க நிக்கலை."

சேகர் அந்த நாலு கட்டத்தையே பார்த்தான். கோபம் எங்கே போவதென்று தெரியாமல் அவன் முகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. "சரி. அப்டியே இருக்கட்டும்" என்றான் கடைசியில், குரல் இறங்கி. "ஆனா அவ என் மடியில ஒக்காரலியே. அத யாரு ஒட்டித் தருவா?"

அவன் திரும்பி வாசலைப் பார்த்தான். நிஜமாகவே போய்விடுவான் போலிருந்தது.

பட்டாபிராம் வழக்கம்

"இப்ப ஒக்காரவா?" என்றாள் யாழினி. கேட்டவள் பதிலுக்குக் காத்திராமல் அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவன் தரையில் சம்மணம் போட்டதும் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

யாரோ ஒரு அம்மா உடனே சொன்னார். "இப்பல்லாம் ரெண்டாவது ஓட்டதான் பேஷனு. மேல இன்னொண்ணு குத்திடலாம், மாமன் மடியிலயே."

யாழினி இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "எனக்குக் குத்தியாச்சு. மாமாவுக்குக் குத்து."

எல்லோரும் சிரித்தார்கள். சேகர் சிரிக்கவில்லை. "குத்து" என்றான்.

"டேய், லூசாடா நீ?" என்றாள் கோமதி.

"அவ மடியில ஒக்காந்துகினு கீறா. காது குத்துறாங்க. கணக்கு சரியாப் பூடும். பத்தரக் கூப்புடு."

ஏகாம்பரம் உடனே வேனை எடுத்துக்கொண்டு போய், கடை திறந்துகொண்டிருந்த பத்தரை அப்படியே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். செல்வியை அழித்த கோபம் அவருக்கு என்மேல் மட்டும்தான் என்று புரிந்தது. பத்தர் நடுக்கூடத்தில் நின்று, நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, "கொழந்த மடியில, ஊசி மாமனுக்கா? இது எந்த ஊரு வழக்கம்?" என்றார்.

"பட்டாபிராம் வழக்கம்" என்றார் ஏகாம்பரம். "குத்துங்க."

பத்தர் உட்கார்ந்து, தோடு எங்கே என்று கை நீட்டினார். அதை யாரும் யோசித்திருக்கவில்லை. கோமதி தன் காதிலிருந்து கழற்றப் போனாள்.

சேகர் சட்டைப் பையில் கைவிட்டு, நகைக்கடையில் மடித்துத் தரும் ரோஸ் காகிதத்தை எடுத்தான். மடிப்பு நைந்து போயிருந்தது. உள்ளே குழந்தைத் தோடு ஒரு ஜோடி. சின்னப் பூ, நடுவில் சிவப்புக் கல். அன்றைக்குச் சீரில் வைத்துக் கொண்டுவந்து, கொடுக்காமல் திருப்பி எடுத்துப் போனது. "இதத்தான் இன்னிக்கி குடுக்கலாம்னு கொண்டாந்தேன்" என்றான்.

கோமதி அதைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

ஊசி காதைத் தொடுவதற்கு முன்பே சேகர் அலற ஆரம்பித்தான். யாழினி அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு, "அவ்ளோதான் மாமா, ஆயிடுச்சு, ஆயிடுச்சு" என்றாள். கோமதி ஒரு கையால் அவன் தலையைப் பிடித்து, மறு கையால் அவன் வாயில் வெல்லத்தை அடைத்தாள். ஜோடியில் ஒரு தோடு அவன் காதில் ஏறியது. இன்னொன்றை, யாழினியின் காதிலிருந்த பழைய தோடு ஒன்றைக் கழற்றிவிட்டுப் பத்தர் போட்டார்.

நான் போனில் படம் எடுத்தேன். சேகரின் கண் இரண்டும் மூடியிருந்தன, வாய் முழுக்க வெல்லம், பின்னால் ஏகாம்பரத்தின் வயிறு பாதி வந்துவிட்டது. கோமதி மற்ற இரண்டையும் பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டு அதைத்தான் மாட்டியிருக்கிறாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் அக்காவும் தம்பியும் கடைக்கு வந்தார்கள். சேகருக்குப் பெண் பார்க்கிறார்களாம், நல்லதாக ஒரு படம் வேண்டும். எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, வழக்கம்போல ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். வெளிச்சம் கூட்டினேன். நெற்றி எண்ணெயைத் துடைத்தேன். காலரை நேராக்கினேன். ஒரு காதில் மட்டும் அந்தச் சின்னப் பூ, சிவப்புக் கல்லோடு. பெண் வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று எனக்கு.

"இந்தத் தோடை மட்டும் எடுத்துடட்டுமா தம்பி? ஒரு நிமிஷ வேலைதான்."

சேகர் என் கையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். "அக்கா, அதும்மேல கைய வெச்சீங்கோ, இந்தக் கம்ப்யூட்டரத் தூக்கிகினு போயி தண்டவாளத்துல போட்டுருவேன். சொல்ட்டேன்."

"கேக்குற பொண்ணு கேக்கட்டும்" என்றாள் கோமதி. "சொல்ற கதை நம்மகிட்ட கீது."

மவுஸை விட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். படம் தோடோடுதான் போயிருக்கிறது.